பார்வையின் கடிகாரம்

ஒரு முழ நீள நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிக் கதவு நிலையின் மேற்கட்டையிலிருந்து தொங்கவிடுங்கள். ரயில்வேப் பட்டறை உள்ள பொன்மலையில் எங்களுக்கு நட்டுக்குப் பஞ்சமில்லை; மற்றவர்கள் ஒரு சாவியைக் கட்டிக்கொள்ளலாம். நட்டு உங்கள் முகத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாக ஆடட்டும். ஐந்தாறு அடி தள்ளி நின்று பாருங்கள். அது நேர்கோட்டில் போய் வருவது தெரியும்.

இப்போது ஒரு பழைய கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை மட்டும் இடது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்களும் திறந்தே இருக்கவேண்டும். நட்டு இனி நேராக ஆடாது. இடமிருந்து வலம் போகும்போது சற்று விலகியும், திரும்பி வரும்போது சற்று நெருங்கியும், ஒரு நீள்வட்டத்தில் சுற்றிவருவதுபோல் தோன்றும். வில்லையை வலது கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசையும் மாறிவிடும்.

நூலும் நட்டும் எவ்வித மாயமும் செய்யவில்லை. மங்கலான ஒளியைப் பெறும் கண், தன் செய்தியைச் சிறிது தாமதமாக அனுப்புகிறது. ஒரு கண் நட்டை இப்போதுள்ள இடத்தில் காட்ட, மறு கண் சற்று முன்பு இருந்த இடத்தில் காட்டுகிறது. இரண்டையும் இணைக்கும் மூளை, அந்த வேற்றுமையை ஆழம் என்று தவறாகக் கணக்கிடுகிறது. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஜைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலறிஞர் கார்ல் புல்ஃப்ரிச் 1922இல் இதை விளக்கி எழுதினார். ஒரு கண்ணில் பார்வை இழந்திருந்த அவரால் இந்தக் காட்சியைத் தாமே காண முடியவில்லை என்பது வரலாற்றின் விந்தை.

பார்வை நரம்பில் அழற்சி வந்து தேறிய சிலருக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமலேயே நட்டு நீள்வட்டத்தில் சுற்றும். “நன்றாகத் தெரிகிறது” என்று அவர்கள் சொல்வார்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிப்பார்கள். ஆனாலும் அந்தக் கண்ணின் செய்தி தாமதமாகவே வருகிறது. இந்தத் தாமதத்தை அளக்க மனிதன் கற்றுக்கொண்ட கதையையும், நோயுற்ற குழந்தைகளுக்கு அது எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் இங்கே பார்ப்போம். அக்கதையின் ஒரு பகுதி நம் நீலகிரி மலைக்கும் சொந்தமானது.

நரம்பின் உறை

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. விழிக்கோளத்தை விட்டு வெளியேறியதும் ஒவ்வோர் இழையும் மயலின் என்ற கொழுப்புப் பொருளாலான உறையைப் போர்த்திக்கொள்கிறது. உறை தொடர்ச்சியானது அன்று. இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. நரம்புத் துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிச் செல்கிறது. ஜப்பானிய அறிஞர் இச்சிஜி டசாகி 1939இல் தொடங்கிய ஆய்வுகளும், 1949இல் ஹக்ஸ்லியும் ஷ்டாம்ப்ஃப்ளியும் செய்த சோதனைகளும் இதை உறுதிப்படுத்தின.

திருச்சி ஜங்ஷனிலிருந்து தஞ்சாவூர் செல்லும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும் விரைவு வண்டியும், பொன்மலை, திருவெறும்பூர் என்று ஒவ்வொன்றிலும் நின்று போகும் பாசஞ்சரும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் போய்ச் சேரும் நேரம் வேறு. உறை சிதைந்த நரம்பிழை பாசஞ்சர் வண்டியாகிவிடுகிறது. சிதைவு மிகுந்தால் வண்டி நடுவழியிலேயே நின்றுவிடும்.

உறையைச் சிதைப்பது பல நேரங்களில் வெளியிலிருந்து வந்த கிருமி அன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் சொந்த உறையை அந்நியப் பொருள் என்று தவறாக எண்ணித் தாக்குகிறது. இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். இந்த உண்மை வெளிப்பட்டதற்கு ஒரு தடுப்பூசி காரணமாக இருந்தது.

தொப்புளைச் சுற்றி ஊசி

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சைக் கேளாத தமிழர் இரார். அந்த ஊசி மருந்து எதிலிருந்து செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் 1885இல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வெறிநாய்க்கடி மருந்தைச் செலுத்தினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அந்த மருந்து செய்யப்பட்டது. 1907இல் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையின் உதவியால், நீலகிரியில் உள்ள குன்னூரில் தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள், மூளைத் திசுவில் வளர்த்த கிருமியைப் பீனால் கொண்டு கொன்று மருந்து செய்யும் முறையைக் கண்டார். இம்மருந்தைத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் அனுப்ப முடிந்தது. கடிபட்டவர் மலையேறி வரவேண்டிய தேவை குறைந்தது. இந்தியாவில் பல்லாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்து இம்மருந்து தயாராயிற்று. அது காப்பாற்றிய உயிர்கள் மிகப் பல.

ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு சிலருக்கு, ஓரிரு வாரங்களில் கால்கள் செயலிழந்தன, சிலர் நினைவிழந்தனர். சிலருக்குப் பார்வை நரம்பு வீங்கிக் கண் மங்கியது என்றும் மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் உண்டு. எத்தனை பேரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது என்ற கணக்கு, சில நூறு பேரில் ஒருவர் முதல் பல ஆயிரம் பேரில் ஒருவர் வரை இடத்துக்கு இடம் மாறியது. நாய்க்கடிக்கு ஆளாவோரில் குழந்தைகள் மிகுதி என்பதை மறக்கக் கூடாது. இன்றும் உலகில் அவர்களில் ஐந்தில் இருவர் 15 வயதுக்குட்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தொல்லைக்குக் காரணம் கிருமியா, அது வளர்ந்த மூளைத் திசுவா? நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ரிவர்ஸ் 1933இல் இக்கேள்வியைக் குரங்குகளிடம் சோதித்தார். கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றை மீண்டும் மீண்டும் ஊசி மூலம் செலுத்தினார். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது. அவற்றின் மூளையில் மயலின் உறை உரிந்திருந்தது. ஆக, அயல் மூளையின் உறையைக் கண்டு சீறிய எதிர்ப்புச் சக்தி, தன் மூளையின் உறையையும் தாக்கிவிட்டது. 1987இல் தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்தபோது, மயலினில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிரான பொருள் அவர்கள் உடலில் இருப்பது தெரிந்தது.

காரணம் தெரிந்த பிறகும் ஊசி தொடர்ந்தது. மூளைத் திசு கலவாமல், வளர்ப்புச் செல்களிலிருந்து செய்த தடுப்பூசிகள் 1970களில் பயனுக்கு வந்தன. பழைய மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1984இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது 2004இன் இறுதியில்தான். இந்த இருபது ஆண்டு இடைவெளியில், விலை கொடுக்க முடிந்தவர் புதிய ஊசியை வாங்கினார். அரசு மருத்துவமனை வாசலில் நின்ற ஏழைக்கு இலவசமாகக் கிடைத்தது ஆட்டு மூளை மருந்து. அறிவு ஓரிடத்தில் பிறப்பதும் அது எளியவர் கைக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல.

இரைச்சலில் ஒரு முணுமுணுப்பு

உறை சிதைந்தால் தாமதம் ஏற்படும். சரி, உயிருள்ள மனிதனின் மண்டையைத் திறவாமல் அதை அளப்பது எப்படி?

லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் 1875இல் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டார். அவர் பயன்படுத்தியது, இன்றும் நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் உள்ள ஆடிக் கால்வனாமீட்டரின் மூதாதை. கண்ணில் ஒளி படும்போது மூளையின் மின்னோட்டம் மாறுவதையும் அவர் குறித்தார். மனிதத் தலையின் மேற்பரப்பிலிருந்தே மின்னலைகளைப் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். புல்ஃப்ரிச் வாழ்ந்த அதே ஜெனா நகரில், 1924இல் முதற்பதிவைச் செய்து 1929இல் வெளியிட்டார்.

பெர்கர் கண்ட அலைகளின் உயரம் ஐம்பது மைக்ரோவோல்ட் அளவுக்கு இருக்கும். ஒளியைக் கண்டு மூளை எழுப்பும் விடையோ பத்து மைக்ரோவோல்ட் அளவே. காந்தி மார்க்கெட் இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. லண்டன் குயீன் சதுக்கத்து நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் டாசன் இதற்கு வழி கண்டார். 1947இல் பல பதிவுகளை ஒரே படச்சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படமெடுத்தார். 1951இல், சுழலும் ஸ்விட்சும் வரிசையான மின்தேக்கிகளும் கொண்டு தானே கூட்டிச் சராசரி காணும் ஒரு கருவியைச் செய்து காட்டினார்.

இதன் தத்துவம் எளியது. ஒவ்வொரு தூண்டலுக்குப் பிறகும் மூளையின் விடை ஒரே நேரத்தில் வருகிறது; கூட்டக் கூட்ட அது வளர்கிறது. இரைச்சலோ ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக வருவதால் பெரிதும் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. 64 முறை கூட்டினால் விடை 64 மடங்காகும். இரைச்சல் அதன் வர்க்கமூலமான 8 மடங்குதான் ஆகும். எனவே விடை எட்டு மடங்கு தெளிவாகிறது.

லண்டன், 1972

வெறும் ஒளிவீச்சுக்கு மூளை தரும் விடை ஆளுக்கு ஆள் மாறியது. கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்களைக் காட்டி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் சட்டென்று மாற்றினால், விடை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே வடிவில் வந்தது. கட்டங்கள் மாறிய நூறு மில்லி விநாடி அளவில், பின்மண்டையில் ஒரு மேடு எழுகிறது. அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் நமக்குக் கிடைத்த கடிகாரம்.

குயீன் சதுக்கத்து மருத்துவமனையிலேயே ஹாலிடே, மெக்டொனால்ட், மஷின் ஆகிய மூவர் 1972இல் பார்வை நரம்பு அழற்சி உற்றவர்களைச் சோதித்தனர். சதுரங்கப் படத்தைத் திரையில் வீழ்த்தி, ஒரு சிறு கண்ணாடியைச் சட்டென அசைத்துக் கட்டங்களை இடம் மாற்றினர். பாதிக்கப்பட்ட கண்ணின் மேடு, பல பத்து மில்லி விநாடி பிந்தி எழுந்தது. உறை சிதைந்த நரம்பிழையில் துடிப்பின் வேகம் குறைவதை மெக்டொனால்டும் சியர்ஸும் 1970இல் பூனைகளிடம் காட்டியிருந்தனர். அதன் பொருள் இப்போது மனிதரிடம் விளங்கியது. பார்வை திரும்பிய பிறகும் தாமதம் மறையவில்லை. மறு ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் வியப்பூட்டியது. பல இடங்களில் உறை சிதையும் நோய் உடையவர்களில், கண்ணில் எத்தொல்லையும் அறியாதவர்களிடமும் இத்தாமதம் காணப்பட்டது.

குழந்தையும் சதுரங்கமும்

பெரியவர்களின் நோயைப்போல் குழந்தைகளின் நோயை எண்ணிவிடக் கூடாது. ஒரு கண் மங்கினால் பெரியவர் சொல்லிவிடுவார். ஐந்து வயதுக் குழந்தை சொல்லாது. புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும், வாசற்படியில் இடறும். மேலும் குழந்தைகளுக்கு இரு கண்களும் ஒருங்கே பாதிக்கப்படுவது பெரியவர்களைவிட மிகுதி.

இங்கே நம் நட்டுச் சோதனையை நினைவுகூருங்கள். அது ஒரு கண்ணை மறு கண்ணோடு ஒப்பிடும் சோதனை. இரண்டு கண்களும் ஒரே அளவு தாமதமானால் நட்டு நேராகவே ஆடும், நோய் ஒளிந்துகொள்ளும்! மருத்துவர் டார்ச் விளக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டிப் பாவை சுருங்குவதைப் பார்க்கும் சோதனையிலும் இதே குறை உண்டு. சதுரங்கச் சோதனை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. இரு கண்களும் சேர்ந்து பிந்தினாலும் அது காட்டிக்கொடுக்கும்.

சோதனையில் வலியில்லை. முதல் நாள் தலை குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்வாய் சரியாகப் பதியாது. பின்மண்டையில் ஒன்று, முன்னந்தலையில் ஒன்று, நிலத்தொடர்புக்கு ஒன்று எனச் சிறு உலோக வட்டுகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. உடலிலிருந்து வருவதைக் கேட்பதுதான் வேலை. ஒரு கண்ணை மூடி, திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். கட்டங்கள் விநாடிக்கு இருமுறை அளவில் மாறும். கண்ணாடி அணியும் குழந்தை அதை அணிந்துகொண்டே பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் மங்கலே தாமதம்போல் காட்சி தரும். குழந்தையின் கவனத்தைப் புள்ளியிலேயே நிறுத்துவதுதான் சோதனையாளருக்குக் கடினமான பணி. கட்டங்களைப் பார்க்க இணங்காத கைக்குழந்தைக்கு ஒளிவீச்சுச் சோதனையே துணை. அதன் துல்லியம் குறைவு.

வயதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பிறந்த சில வாரங்களில் இந்த மேடு இருநூறு மில்லி விநாடிக்கும் பின்னரே எழுகிறது. முதல் ஆண்டில் அந்நேரம் விரைவாகக் குறைந்து, பெரிய கட்டங்களுக்கு ஐந்து வயதளவில் பெரியவர்களின் அளவை எட்டுகிறது. ஆகவே ஒரு வயதுக் குழந்தையைப் பெரியவரின் அளவுகோலால் அளந்தால், நலமான குழந்தையையும் நோயாளி ஆக்கிவிடுவோம்.

வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

மேடு பிந்தினால் உறையில் குறை. மேடு தாழ்ந்தால் இழைகளே குறைந்திருக்கலாம். இது ஒரு தோராய விதி. விழித்திரை நோய், சோம்பற்கண், கவனமின்மை ஆகியவையும் வரைபடத்தைக் கெடுக்கும். நோயின் பெயரை இச்சோதனை சொல்வதில்லை. பாதையில் தடங்கல் உண்டு என்று மட்டுமே சொல்லும்.

பெயர் சொல்லும் சோதனைகள் பிறகு வந்தன. 2004இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய் ஒன்றுக்கு உரிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டது. மயலினின் வெளிப்புறத்தில் இருக்கும் ‘மாக்’ என்ற புரதம் 1980களில் அறியப்பட்டது. அதற்கு எதிரான பொருளைச் சரியாக இனங்காணும் முறை 2007க்குப் பின் வளர்ந்தது. குழந்தைகளின் உறைச் சிதைவு நோய்களில் பெரும்பங்கு இந்த ‘மாக்’ நோயே என்று இப்போது தெரிகிறது. அதை இனங்காணும் பன்னாட்டு விதிகள் 2023இல் வெளியாயின. ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு விழித்திரையின் நரம்பிழைப் படலத்தை அளக்கும் ஓ.சி.டி. கருவி 1991இல் பிறந்தது. இரத்தச் சோதனை எதிரியின் பெயரைச் சொல்கிறது; ஓ.சி.டி. எஞ்சிய இழைகளைக் கணக்கிடுகிறது. சதுரங்கச் சோதனை அவ்விழைகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று சொல்கிறது. மூளையில் பல இடங்களில் உறை சிதையும் நோய்க்கான விதிகள் 2025இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, பார்வை நரம்பும் நோய் காணும் இடங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதைக் காட்டும் சான்றுகளில் ஐம்பது ஆண்டுப் பழமையுடைய இச்சோதனையும் இடம்பெற்றுள்ளது.

இன்னோர் எச்சரிக்கை. ‘மாக்’ நோயுற்ற குழந்தைகளில் பலருக்குப் பார்வை நன்றாகவே திரும்புகிறது; தாமதம் மட்டும் எஞ்சி நிற்கலாம். வரைபடத்தில் பத்து, இருபது மில்லி விநாடி மிகுந்திருப்பதைக் கண்டு, ஓடியாடிப் படிக்கும் குழந்தையை நோயாளியாக மூலையில் உட்கார வைக்கவேண்டாம். அந்த எண், அடுத்த முறை கண் மங்கினால் ஒப்பிட உதவும் குறிப்பு. சிகிச்சை குழந்தைக்குத்தான், வரைபடத்துக்கு அன்று.

பெற்றோரும் ஆசிரியரும் நினைவில் கொள்ளவேண்டியவை இரண்டு. கண்ணை அசைத்தால் வலிக்கிறது, சிவப்பு வெளிறித் தெரிகிறது, சில நாட்களில் பார்வை குறைந்துவிட்டது என்று ஒரு குழந்தை சொன்னால், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழற்சியை அடக்கும் மருந்துகள் உள்ளன. விரைவில் தொடங்குவது நல்லது.

இரண்டாவது, நாய்க்கடி. பழைய ஊசியைப் பற்றிய அச்சத்தால் இன்றும் கடியை மறைக்கும் சிறுவர் உண்டு. பச்சிலை கட்டிவிட்டுக் காத்திருக்கும் பெரியவர்களும் உண்டு. இன்றைய தடுப்பூசியில் மூளைத் திசு இல்லை. அது தொப்புளைச் சுற்றிப் போடப்படுவதும் இல்லை. கையில் சில ஊசிகளே. அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே செல்லவேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை. அந்த அச்சத்துக்குக் காரணமான ஆட்டு மூளை மருந்து நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அச்சம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதை நிறுத்துவது நம் வேலை.